குறையைச் சொல்லிக் கொடுத்த தேதி

பூட்டுக்காரருக்கு உலகத்தில் யார் மேலும் நம்பிக்கை கிடையாது. நம்பிக்கை இருந்தால் பூட்டு எதற்கு என்பது அவர் கட்சி. பேருந்து நிலையத்துக்குப் பின்னால், ஒரு ஆள் நின்றால் இன்னொரு ஆள் நுழைய முடியாத கடை. மூன்று பக்கச் சுவரிலும் சாவி தொங்கும். "என் வீட்டுச் சாவிதாங்க, இன்னொண்ணு வெட்டிக் குடுங்க" என்று யாராவது வந்தால், "உங்க வீடுதானான்னு நான் எப்படி நம்புறது?" என்று கேட்பார். பாதிப் பேர் கோபித்துக்கொண்டு போய்விடுவார்கள். போகட்டும், திருடனும் இப்படித்தான் கோபிப்பான் என்று அரத்தைக் கையில் எடுத்துக்கொள்வார்.

அப்பேர்ப்பட்ட மனிதர் தன் ஒரே மகளுக்குக் கல்யாணத் தேதி குறிக்கப் போய் உட்கார்ந்தார். உட்கார்ந்த இடம்தான் சரியில்லை.

மாப்பிள்ளையின் அப்பாவைப் பலகைக்காரர் என்றுதான் ஊரே சொல்லும். நூலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஓய்வு கொடுத்தவர்களால் அவருடைய நாற்காலியைத்தான் பிடுங்க முடிந்தது. வாசலில் இருக்கும் கரும்பலகையைப் பிடுங்க முடியவில்லை. தினமும் காலையில் முக்காலி போட்டு ஏறி, 'இதே நாளில்' என்று மேலே கொட்டை எழுத்தில் போடுவார். கீழே, அந்தத் தேதியில் எந்த நூற்றாண்டில் எந்த ராஜா செத்தான், எந்தக் கப்பல் முழுகியது, எவன் எதைக் கண்டுபிடித்தான் என்று வரிசையாக எழுதுவார். எதிரே பேருந்து நிறுத்தம். நிற்கிறவர்கள் வாசிப்பார்கள், பேருந்து வந்தால் பாதியில் விட்டுவிட்டு ஓடுவார்கள். அந்த ஊரில் நிறையப் பேருக்கு எந்த ராஜா சண்டைக்குப் போனான் என்பது தெரியும். ஜெயித்தானா தோற்றானா என்பது தெரியாது.

"ஜூலை பதினாலு மண்டபம் காலியா இருக்கு சம்பந்தி. பிடிச்சிடலாமா?" என்று பூட்டுக்காரர்தான் ஆரம்பித்தார்.

பலகைக்காரர் கண்ணை மூடினார். பெட்டிக்குள் துணி தேடுகிற மாதிரி தலைக்குள் எதையோ தேடினார்.

"வேணாங்க. ஆயிரத்து எழுநூத்து எண்பத்தொன்பது. பாரிஸ்ல சிறைச்சாலையை உடைச்ச நாள்."

"ஜெயிலைத் திறந்துவிட்டா நல்லதுதானே?"

"சிறை அதிகாரியோட தலையை வெட்டி ஈட்டியில குத்தி ஊர்வலம் போனாங்களே."

"அடப்பாவமே. உள்ள எத்தனை பேர் அடைஞ்சு கிடந்தாங்க?"

"ஏழு பேரு."

"ஏழு பேருக்கா இத்தனை ஆர்ப்பாட்டம்? ஒரு பூட்டுக்காரனைக் கூப்பிட்டிருந்தா டீ ஆறுறதுக்குள்ள திறந்து விட்டிருப்பானே!"

பலகைக்காரர் சிரிக்கவில்லை. வரலாற்று விஷயத்தில் அவருக்குச் சிரிப்பு வராது. பூட்டுக்காரர் அடுத்த தேதியைத் தள்ளினார். ஜூலை இருபத்தெட்டு.

"ஐயையோ! ஆயிரத்து ஐநூத்து நாப்பதுல இங்கிலாந்து ராஜா தன்னோட மந்திரி தலையை வெட்டினான். ஆயிரத்து எழுநூத்துத் தொண்ணூத்து நாலுல பிரான்சுல இன்னொரு தலைவருக்குத் தலை போச்சு. ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினாலுல முதல் உலகப் போரே அன்னிக்குத்தான் அறிவிச்சாங்க."

"ஒரே நாள்லயா?"

"ஒரே தேதி. வேற வேற வருஷம்."

"அந்தத் தேதியில ஒரு நல்லதுகூட நடக்கலையா?"

"நடந்துச்சு. மந்திரியை வெட்டின அன்னிக்கே அந்த ராஜா கல்யாணம் பண்ணிக்கிட்டான்."

"பார்த்தீங்களா! கல்யாணம் நடந்த நாள்தானே!"

"அந்தப் பொண்ணு தலையும் ரெண்டு வருஷத்துல போச்சு."

பூட்டுக்காரர் டீயைக் கீழே வைத்தார். "சம்பந்தி, நீங்க நாள் நட்சத்திரம் பாக்குறவர் இல்லைன்னு சொல்லித்தான் என் பொண்ணைக் குடுக்கச் சம்மதிச்சேன். இது அதைவிட மோசமால்ல இருக்கு?"

"எனக்கு மூடநம்பிக்கை எல்லாம் இல்லீங்க. நீங்களே யோசிங்க. வருஷா வருஷம் பிள்ளைங்க கல்யாண நாள் வரும். அன்னிக்குக் காலையிலயும் நான் பலகை எழுதியாகணும். தலையை வெட்டினான், ஊரைக் கொளுத்தினான்னு எழுதிட்டு, அதே சாக்பீஸ் கையோட வந்து 'நல்லா இருங்க'ன்னு சொல்லவா?"

"அன்னிக்கு ஒரு நாள் எழுதாம விட்டுடுங்களேன்."

பலகைக்காரர் அவரைப் பார்த்த பார்வை இருக்கிறதே, சாவி இல்லாமல் அடுத்தவன் வீட்டுக் கதவைத் திறக்கச் சொன்னால் பூட்டுக்காரர் பார்ப்பாரே, அதே பார்வை. "நடந்ததை நடக்கலைன்னு எப்படிங்க விடுறது?"

வீட்டுக்கு வந்த பூட்டுக்காரர் செருப்பைக் கழற்றும் முன்பே கத்த ஆரம்பித்துவிட்டார். "ஆயிரம் பொய்யைச் சொல்லி ஒரு கல்யாணத்தைப் பண்ணுன்னாங்க பெரியவங்க. இந்த மனுஷன் நூறு உண்மையைச் சொல்லி ஒரு கல்யாணத்தைக் கெடுக்குறான்!"

"மெதுவாப் பேசுங்க, பொண்ணு தூங்குறா. நைட் டூட்டி பார்த்துட்டு வந்திருக்கா" என்றாள் மனைவி.

மகள் தூங்கவில்லை. அரசு மருத்துவமனையில் பிரசவ வார்டு நர்ஸ். தூக்கத்திலும் ஒரு காது திறந்தே இருக்கும். எழுந்து வந்து வாசல்படியில் சாய்ந்து நின்றாள்.

"அப்பா, செப்டம்பர்ல அவருக்கு வெளியூர் வேலை. லிஃப்ட் கம்பெனிக்காரங்க வீடு குடுக்குறாங்க, கல்யாணம் ஆனவங்களுக்கு மட்டும். அதுக்குள்ள முடியணும். வர்ற ஞாயித்துக்கிழமைக்குள்ள நீங்க ரெண்டு பேரும் ஒரு தேதியைச் சொல்லுங்க. இல்லேன்னா திங்கக்கிழமை நாங்களே ரிஜிஸ்டர் ஆபீஸ்ல ஒரு தேதி வாங்கிக்குறோம். சாட்சிக் கையெழுத்துக்கு எங்க வார்டுலயே ஆள் இருக்கு."

"நாங்க?"

"நீங்க ரெண்டு பேரும் உக்காந்து தேதி பார்த்துட்டே இருங்க."

கோபத்தில் சொல்லியிருந்தால் பூட்டுக்காரர் பயந்திருக்க மாட்டார். அவள் கொட்டாவி விட்டுக்கொண்டே சொன்னாள். ஒரே மகள், பெற்றவன் இல்லாமல் கல்யாணம் பண்ணிக்கொள்வாள். சொன்னால் செய்வாள், அந்தப் பிடிவாதம் யாரிடமிருந்து வந்தது என்று மனைவி முகத்தைப் பார்த்தார். மனைவி அவர் முகத்தைப் பார்த்தாள்.

வெள்ளிக்கிழமை பலகைக்காரரே போன் பண்ணினார். "சம்பந்தி, கிடைச்சிடுச்சு! உடனே வாங்க!"

போனார். கதவைத் திறக்கும்போதே பலகைக்காரர் முகம் வெளிச்சமாக இருந்தது. சம்பந்தியம்மா டீ வைத்தாள். மாப்பிள்ளைகூட வேலைக்குப் போகாமல், கையில் லிஃப்ட் மசகு துடைத்த துணியோடு ஓரமாக நின்றான்.

"ஜூலை இருபது! மண்டபத்துலயும் கேட்டுட்டேன், காலியா இருக்கு. மனுஷன் நிலாவுல இறங்கின நாள்! இதைவிட நல்ல நாள் வேணுமா?"

வேறு எவனாக இருந்தாலும் "ஆகட்டும்" என்று சொல்லிவிட்டு டீயைக் குடித்திருப்பான். பூட்டுக்காரர் வாயில் சனி உட்கார்ந்திருந்தது.

"அது நடந்துச்சுன்னு யார் சொன்னா?"

மாப்பிள்ளை கையிலிருந்த துணியை இறுக்கிப் பிடித்துக்கொண்டான்.

"யார் சொன்னாவா? உலகமே சொல்லுது சம்பந்தி!"

"உலகம் என் கடைக்கும் வந்து சாவி தொலைஞ்சிடுச்சுன்னுதான் சொல்லுது. பாதி பொய்."

"கோடிக்கணக்கான பேரு டிவியில பார்த்தாங்க."

"டிவியில செத்துப்போறவன் அடுத்த வாரம் வேற நாடகத்துல மாப்பிள்ளையா வர்றான். டிவியைச் சொல்லாதீங்க."

"மாமா..." என்றான் மாப்பிள்ளை மெதுவாக. "போனாங்கன்னே வெச்சுக்கலாமே."

"இருங்க தம்பி. சம்பந்தி, இறங்கினது இருபதாம் தேதிதானா? நிச்சயமா?"

பலகைக்காரர் நேர்மையான மனிதர். அதுதான் அவருக்கு எதிரி. "இறங்கினது இருபதுங்க. கால் எடுத்து வெக்கும்போது சில ஊர்க் கணக்குப்படி இருபத்தொண்ணு ஆயிடுச்சு."

"பார்த்தீங்களா! உண்மைக்கு ஒரு தேதிதான். ரெண்டு தேதி இருந்தாலே உதைக்குது. ஒரு பொய்க்குப் பிறந்தநாள் கொண்டாடுற தேதியில என் பொண்ணைக் குடுக்க மாட்டேன்."

பலகைக்காரர் எழுந்துவிட்டார். "முப்பது வருஷமா எழுதுறேன். ஒருத்தன் என்னைப் பொய்யன்னு சொன்னதில்லை. என் வீட்டுல உக்காந்து, என் டீயைக் குடிச்சிக்கிட்டு..."

"அதுல சர்க்கரையே இல்லை. அதையும் நம்பித்தான் குடிச்சேன்."

"எனக்குச் சர்க்கரை வியாதிங்க!" என்று உள்ளேயிருந்து சம்பந்தியம்மா குரல் கொடுத்தாள். அதோடு பேச்சு முறிந்தது.

நுணலும் தன் வாயால் கெடும் என்று சும்மாவா சொன்னார்கள். அன்று வீட்டில் யாரும் அவரைத் திட்டவில்லை. மகள் தட்டில் சோற்றைப் போட்டு வைத்துவிட்டு வேலைக்குக் கிளம்பினாள். மனைவி ஒரே ஒரு வார்த்தை சொன்னாள்: "நிலாவுக்கு அவங்க போனா என்ன, போகாட்டா என்ன? நீங்க ஏறிப் பார்க்க நம்ம வீட்டுத் தண்ணித் தொட்டியா அது?"

சனிக்கிழமை கடையில் ஒரு சாவியைத் தலைகீழாகப் பிடித்து வெட்டினார். இத்தனை வருஷத்தில் அப்படி ஒன்று நடந்ததில்லை. சாவிக்கு வந்தவன் மறுபடி வந்து, "அண்ணே, இது எந்தக் கதவுக்கு?" என்று கேட்டான்.

ஞாயிற்றுக்கிழமை காலை. பலகைக்காரர் முக்காலி மேல் நின்று எழுதிக்கொண்டிருந்தார். கீழே பூட்டுக்காரர் போய் நின்றார். எதிரே பேருந்துக்கு நின்றவர்கள், பலகையை விட்டுவிட்டு இவர்களைப் பார்க்க ஆரம்பித்தார்கள்.

"சம்பந்தி."

சாக்பீஸ் நிற்கவில்லை.

"சரி, போனாங்க."

"யாரு?"

"அவங்கதான். அங்க." பூட்டுக்காரர் விரலால் மேலே காட்டினார். வெயில் கண்ணில் அடித்தது. "இறங்கினாங்க. கல்லு எடுத்தாங்க. கொடி நட்டாங்க. எல்லாம் ஒத்துக்குறேன். ஜூலை இருபதையே வெச்சுக்குவோம்."

ஒரு கசப்பு மருந்தை நாலு பேர் பார்க்க விழுங்குகிறவன் முகம் எப்படி இருக்குமோ, அப்படி இருந்தது அவர் முகம். பலகைக்காரர் முக்காலியிலிருந்து இறங்கினார். ஆனால் சந்தோஷப்படவில்லை. தலையைக் குனிந்தார்.

"அது வேணாங்க. நான் அன்னிக்கு ஒண்ணை மறைச்சிட்டேன்."

"என்னத்தை?"

"ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாப்பத்து நாலு. அதே ஜூலை இருபது. ஜெர்மனிக்காரங்களே தங்களோட சர்வாதிகாரியைக் கொல்றதுக்கு மேசைக்கடியில குண்டு வெச்சாங்க. அவன் பொழைச்சுக்கிட்டான். அதுக்கப்புறம் எத்தனையோ பேரைப் பிடிச்சுக் கொன்னான். பையன் முகத்தைப் பார்த்தேன், சொல்ல மனசு வரலை. தெரிஞ்சே ஒரு சம்பவத்தை மறைச்சது அதான் முதல் தடவை. ராத்திரியெல்லாம் தூக்கமில்லை."

"ஆக, நீங்களும் நம்பத்தக்க ஆள் இல்லை."

"இல்லைதான்."

பூட்டுக்காரர் அவரை மேலும் கீழும் பார்த்தார். இத்தனை நாளாக அந்த மனிதர் வாயைத் திறந்தாலே புத்தகம் பேசுகிறது என்றுதான் நினைத்திருந்தார். இப்போதுதான் ஒரு அப்பன் பேசினான். அவருக்கு மனசுக்குள் ஏதோ இளகியது. இளகியதை வெளியே காட்டுகிற பழக்கம் கிடையாது, ஆகவே அதட்டினார்.

"அதெல்லாம் இருக்கட்டும். செப்டம்பருக்குள்ள இருக்குற தேதியிலயே ரொம்ப மோசமானது எது? சொல்லுங்க."

"மோசமானதா? எதுக்கு?"

"கேட்டதைச் சொல்லுங்க."

பலகைக்காரருக்கு யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. "ஆகஸ்ட் இருபத்து நாலு. கி.பி. எழுபத்தொன்பதுல எரிமலை வெடிச்சு ஒரு நகரமே சாம்பல்ல புதைஞ்சுது. நானூத்திப் பத்துல ரோமாபுரியைக் கொள்ளையடிச்சாங்க. ஆயிரத்து எண்ணூத்திப் பதினாலுல வாஷிங்டனைக் கொளுத்தினாங்க. அதுக்கு நடுவுல, ஆயிரத்து ஐநூத்து எழுபத்திரண்டு..." இங்கே குரலைத் தாழ்த்தினார். "பாரிஸ்ல ஒரு ராஜவீட்டுக் கல்யாணம். கல்யாணத்துக்கு வந்து தங்கியிருந்தவங்களை ராத்திரியோட ராத்திரியா வெட்டிப் போட்டாங்க."

"கல்யாணத்துக்கு வந்தவங்களையா?" என்றார் பூட்டுக்காரர். "எந்தப் பக்கத்து ஆளுங்க? பொண்ணு வீடா, மாப்பிள்ளை வீடா?"

"மாப்பிள்ளை வீட்டு ஆளுங்க."

"அப்ப எனக்குச் சம்மதம்."

பேருந்து நிறுத்தத்தில் ஒருவன் பக்கென்று சிரித்துவிட்டான். பலகைக்காரருக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. "விளையாடாதீங்க சம்பந்தி."

"விளையாடலை. என் தொழில்ல ஒண்ணு உண்டு. 'இது உடையவே உடையாத பூட்டு'ன்னு ஒருத்தன் விக்க வந்தா வாங்க மாட்டேன். 'மழையில துரு ஏறும், வருஷம் ஒரு தடவை எண்ணெய் போடணும், ஓங்கித் தட்டினா கழண்டுக்கும்'னு குறையைச் சொல்லிக் குடுக்குறான் பாருங்க, அவன்கிட்ட வாங்குவேன். உங்க ஜூலை இருபது ஒரு நல்லதைக் காட்டி ஒரு கெட்டதை மறைக்குது. இந்த ஆகஸ்ட் இருபத்து நாலு எதையும் மறைக்கலை. இதுக்கு மேல இது என்ன பண்ணிடும்?"

"ஆனா பலகை? வருஷா வருஷம் நான் என்ன எழுதுறது?"

"எல்லாத்தையும் எழுதுங்க. சின்னஞ்சிறுசுங்க என்னிக்காவது சண்டை போட்டுக்கிட்டு வந்து நின்னா, இதைப் படிச்சுட்டு வான்னு அனுப்பலாம். ஊரே எரிஞ்சிருக்கு, நீ உப்பு கூடிப்போச்சுன்னு அழுவுறியான்னு கேக்கலாம்."

பலகைக்காரர் வாய் கொஞ்சம் கொஞ்சமாக விரிந்தது. வரலாற்று விஷயத்தில் அவருக்குச் சிரிப்பு வராது என்று முதலில் சொன்னேன், வந்தது. சாக்பீஸ் படிந்த கையை நீட்டினார். பூட்டுக்காரர் பிடித்துக் குலுக்கினார். அப்போது வந்து நின்ற பேருந்தில் ஒருத்தரும் ஏறவில்லை.

மண்டபம் அன்றைக்குக் காலி. எல்லாம் முடிந்தது என்று இரண்டு பேரும் சேர்ந்தே போய் மகளிடம் சொன்னார்கள். அவள் காலண்டரைப் பார்த்தாள்.

"ஆகஸ்ட் இருபத்து நாலா? அன்னிக்கு எனக்கு டூட்டி."

ரோமாபுரி விழுந்தபோதுகூட அந்த ஊர்க்காரர்கள் முகம் அப்படித் தொங்கியிருக்காது.

மறுநாள் இரண்டு சம்பந்திகளும் ஆஸ்பத்திரிக்குப் போய், வார்டின் தலைமை நர்ஸம்மா முன்னால் கைகட்டி நின்றார்கள். பலகைக்காரர் எரிமலையில் ஆரம்பித்தார். ரோமாபுரி வருவதற்குள் நர்ஸம்மா கையைக் காட்டினாள்.

"பெரியவரே, எனக்கு வரலாறு தெரியாது. ஆள் பற்றாக்குறைதான் தெரியும். அந்த வாரம் ரெண்டு பேர் லீவு. எங்க வார்டுல பிள்ளைங்க எந்தத் தேதியில பிறக்கலாம்னு யாரையும் கேட்டுட்டுப் பிறக்குறதில்லை. காலையில கல்யாணத்தை முடிச்சுட்டு மதியம் டூட்டிக்கு அனுப்புவீங்களா?"

"அனுப்புறோம்" என்றார்கள் இரண்டு பேரும் ஒரே குரலில். அவர்கள் ஒரே குரலில் பேசியது அதுதான் முதல் தடவை. நர்ஸம்மா தவிர வேறு யாரும் அதைக் கேட்கவில்லை.

கல்யாணத்தன்று பூட்டுக்காரர் விடிந்ததிலிருந்து ஒரு கெடுதலுக்காகக் காத்திருந்தார். மின்விசிறியைப் பார்த்தார், கழன்று விழவில்லை. சமையல்காரரைப் பார்த்தார், ஓடிப்போகவில்லை. பதிவு அதிகாரி நேரத்துக்கு வந்தார். மைக் மட்டும் வேலை செய்யவில்லை. அதனால் மாப்பிள்ளையின் சித்தப்பா வாழ்த்திப் பேச முடியாமல் போனது. அதைப் பலரும் அன்றைய நல்ல சம்பவமாகவே எடுத்துக்கொண்டார்கள். மகள் கையெழுத்துப் போட்டாள். அப்பா சாட்சிக் கையெழுத்துப் போட்டார். போடும்போது பேனா காகிதத்தில் இரண்டு இடத்தில் இடறியது. அதைப் பார்த்தது மகள் மட்டும்தான். அவள் அப்பாவின் முழங்கையை ஒரு நொடி பிடித்துவிட்டு விட்டாள்.

பிறகு பட்டுச் சேலையைக் களைந்து, வெள்ளை உடுப்பை மாட்டிக்கொண்டு, மாப்பிள்ளையின் வண்டியில் பின்னால் ஏறி ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டாள்.

மண்டபத்தில் பந்தி ஓடிக்கொண்டிருந்தது. தாமதமாக வந்த ஒரு பெரியம்மா பரிசுப் பொட்டலத்தோடு மேடையைப் பார்த்தாள். "பொண்ணு மாப்பிள்ளை எங்கங்க?"

"வேலைக்குப் போயிருக்காங்க. நீங்க சாப்பிடுங்க" என்றார் பூட்டுக்காரர்.

"கல்யாணத்தன்னிக்கேவா? என்ன அநியாயம் இது!"

"இந்தத் தேதியில இதைவிட அநியாயமெல்லாம் நடந்திருக்கும்மா. அவரைக் கேளுங்க."

அவர் கைகாட்டிய இடத்தில் பலகைக்காரர் தனியாக உட்கார்ந்து நகம் கடித்துக்கொண்டிருந்தார். பூட்டுக்காரர் பக்கத்து நாற்காலியில் போய் உட்கார்ந்தார்.

"என்ன சம்பந்தி? எல்லாம்தான் நல்லபடியா முடிஞ்சுதே?"

"மனசு உறுத்துது. உங்ககிட்ட இனிமே எதையும் மறைக்கக் கூடாதுன்னு இருக்கேன்." பலகைக்காரர் சுற்றும்முற்றும் பார்த்துவிட்டுக் காதோடு சொன்னார். "அந்த எரிமலை இருக்கு பாருங்க, அது ஆகஸ்ட்ல வெடிக்கலையாம். அக்டோபரா இருக்கலாம்னு இப்ப சில ஆராய்ச்சிக்காரங்க சொல்றாங்க. சுவத்துல தேதியோட ஏதோ எழுத்து கிடைச்சிருக்காம்."

பூட்டுக்காரர் நெற்றியைச் சுருக்கினார். கையெழுத்துப் போட்டு முடித்த பிறகு வந்து ஓட்டை இருக்கிறது என்கிறான்.

"மீதி மூணு?"

"மூணும் உறுதிங்க. சத்தியமா."

"ரோமாபுரிக் கொள்ளை?"

"நடந்துச்சு."

"வாஷிங்டன்?"

"எரிஞ்சுது."

"அந்தக் கல்யாணத்துல, மாப்பிள்ளை வீட்டு ஆளுங்க?"

"வெட்டினாங்க சம்பந்தி, வெட்டினாங்க."

"அப்ப போதும்" என்று பூட்டுக்காரர் எழுந்து அவர் கையைப் பிடித்து இழுத்தார். "வாங்க, சாப்பிடலாம்."